லயத்துக்குப் பின்னால் ஒரு கோழிக்கூடு

யூடியூப்பில் "வீட்டில் கோழி வளர்ப்பது எப்படி" என்று தேடிப் பாருங்கள். நூறு வீடியோ வரும். அநேகமாக எல்லாரும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள்: "வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் இடம் இருந்தா போதும்." நாங்கள் அந்த இடத்திலேயே வீடியோவை நிறுத்தினோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஆறடி. அந்த ஆறடிக்குள்தான் கான் ஓடுகிறது, விறகு அடுக்கியிருக்கிறது, உடுப்பு காய்கிறது. அதைத் தாண்டினால் மண்திட்டு, திட்டுக்கு மேலே தேயிலை. அந்த ஆறடியும் எங்களுடையதல்ல, தோட்டத்துடையது.

பசறைப் பக்கம், நமுனுகுலை மலை தெரிகிற ஒரு தோட்டம். பன்னிரண்டு காம்பரா லயத்தில் ஐந்தாவது காம்பரா. அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா கவ்வாத்து வேலை, அது இல்லாத நாளில் டவுனில் கூலி வேலை. அம்மாயி, தங்கச்சி, பிறகு பேராதனையில் கலைப்பீடத்தில் படிக்கிற மூத்த பிள்ளை. இதை எழுதுவது அந்த மூத்த பிள்ளைதான் என்றாலும் கட்டுரை முழுக்க "நாங்கள்" என்றுதான் வரும். கோழி விஷயத்தில் "நான்" என்று எழுதி, அது வீட்டில் யார் கண்ணிலாவது பட்டால் சிரிப்பார்கள். கூடு கழுவியது தங்கச்சி. கணக்கு எழுதியது அம்மா. திட்டு வாங்கியது அப்பா.

தொடங்கியது 2022 மார்ச்சில். 2021ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை கொரோனாவால் தள்ளித் தள்ளிப் போய் 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. மார்ச் முதல் வாரம் எழுதி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலம். அப்போது நாடு இருந்த நிலையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை, கேஸுக்கு வரிசை, பால்மா கண்ணில் படாது. அந்த நேரத்தில்தான் ஒரு சின்ன லொறி ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு மேட்டு லயத்து ரோட்டில் வந்தது. கூடை கூடையாக மஞ்சள் குஞ்சுகள். "முட்டை ஒன்னு வாங்கவே யோசிக்க வேண்டியிருக்கு. நாமளே வளத்தா என்னா?" என்றார் அம்மா. இருபது குஞ்சு வாங்கினோம்.

வீடியோ பார்த்துத்தான் எல்லாம் செய்தோம். அட்டைப் பெட்டி, அடியில் மரத்தூள், மேலே ஒரு குண்டு பல்ப். முதல் வாரம் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 பாகை சூடு வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் மலையில் ராத்திரிக்கு அதில் பாதிகூட இருக்காது. அதனால் பல்ப்தான் தாய். ஆனால் அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். குளிர் தாங்காமல் குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி மூலையில் அடைந்துகொண்டன. சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தோம். நடுச்சாமத்தில் எழும்பி தண்ணியை மாற்றவும் செய்தோம், அடுப்பில் விறகு போட்டு. ஆனால் அடியில் அகப்பட்ட குஞ்சுகள் குளிரில் சாகவில்லை, நசுங்கிச் செத்தன. அது தெரிய எங்களுக்கு இரண்டு நாள் எடுத்தது. ஒரு கிழமையில் மிஞ்சியது நாலு.

அந்த நாலையும் தங்கச்சி பெயர் வைத்து வளர்த்தாள். வளர வளர நாலுக்கும் கொண்டை வந்தது. நாலும் சேவல்! முட்டைக்கோழி இனத்தில் பொரிக்கிற ஆண் குஞ்சுகளை வைத்திருந்தால் லாபமில்லை என்று மலிவாகத் தள்ளிவிடுவார்களாம், லொறியில் வருவது பெரும்பாலும் அதுதானாம். இதைத் தொங்க வீட்டு மாமா சிரித்துச் சிரித்துச் சொன்னார். வாங்கும்போதும் அவர் பக்கத்தில்தான் நின்றார். அப்போது வாயே திறக்கவில்லை.

அம்மாயி அந்த ஒரு மாதமும் எங்களை எதுவும் சொல்லவில்லை. ஏப்ரலில் லுணுகலைப் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போனவர் ஒரு நாட்டுக்கோழியைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு பையில் உமிக்குள் புதைத்த முட்டைகள். "கரண்டுல குஞ்சு வளத்தா கரண்டு இருக்கணும். கோழில வளத்தா கோழி இருந்தா போதும்" என்றார். அவ்வளவுதான் அவர் அடித்த கமெண்ட்.

அடை வைப்பதற்கு அம்மாயிக்கு ஒரு முறை இருக்கிறது. முட்டை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். பதினொன்று வைத்தார். கூடைக்குள் வைக்கோல் இல்லாததால் காய்ந்த மானாப்புல், அடியில் கொஞ்சம் சாம்பல், ஓரத்தில் ஒரு கரித்துண்டும் பழைய ஆணியும். ஏப்ரல் என்றால் எங்கள் பக்கம் பின்னேரத்தில் இடி இடிக்கும். இரும்பும் கரியும் இருந்தால் இடிச்சத்தத்தில் முட்டை கெடாதாம். எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் ஆணியை எடுத்துவிட்டுப் பரிசோதிக்கிற தைரியமும் இல்லை. எங்கள் பங்குக்கு ஏழாம் நாள் போன் டோர்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்துப் பார்த்தோம். உள்ளே சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடியது. இரண்டு முட்டையில் எதுவும் இல்லை, வெறும் வெளிச்சம். அம்மாயியைக் கூப்பிட்டுக் காட்டினோம். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக முட்டைக்குள் பார்க்கிறார். ரொம்ப நேரம் போனைத் திருப்பித் தரவில்லை.

இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சு. ஒன்றும் குளிரில் சாகவில்லை. ஒன்றைப் பருந்து தூக்கியது, ஒன்றைக் கீரி பிடித்தது. ஏழு வளர்ந்தது: நாலு பெட்டை, மூணு சேவல்.

தீன் ஒரு தனிக் கதை. அந்த வருஷம் கோழித் தீன் வாங்குகிற விலையில் இல்லை. ஏனென்று பார்த்தால் அது நம்ம ஊவாவிலேயே வந்து நிற்கிறது. தீனில் முக்கியமானது சோளம். சோளம் கூடுதலாக விளைகிற மாவட்டங்களில் மொனராகலையும் பதுளையும் உண்டு. மஹியங்கனைப் பக்கம் போனால் ரோட்டோரமெல்லாம் அவித்த சோளம் விற்பார்கள். 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடை செய்ததும் விளைச்சல் விழுந்தது, இறக்குமதி செய்ய டொலரும் இல்லை. திரிபோஷாவும் சோளத்தில்தான் செய்கிறார்கள். 2022இல் கிளினிக்குக்குப் போன தாய்மாருக்கு அது ஒழுங்காகக் கிடைக்கவில்லை. கோழிக்கும் பிள்ளைக்கும் ஒரே சாக்கில் இருந்துதான் சாப்பாடு வந்துகொண்டிருந்தது என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்கள் கோழிகள் குருணல், தேங்காய்ச் சக்கை, அவித்த பலாக்கொட்டை, பீலிக்கரைப் புழு என்று கிடைத்ததைத் தின்றன. மாட்டுப்பட்டிக்குப் பக்கத்துச் சாணிக் குவியலை ஒரு நாளைக்கு மூன்று தடவை கிளறிவிட்டு வரும். மலையில் மருந்தடிக்கிற நாளில் மட்டும் நாள் முழுக்க அடைத்து வைத்தோம். எந்த மலையில் அடிக்கிறார்கள் என்று முதல் நாளே பிரட்டுக் களத்தில் கேட்டுவைப்பது அம்மாவின் வேலை.

குஞ்சு பெரிசாகிவிட்டது, இனி கூடை போதாது. ஓகஸ்டில் அப்பா ஒரு கூடு செய்தார். நாலு சவுக்குக் கம்பை நட்டு, மேலே பழைய தகரம், சுற்றிவர கம்பிவலை. திட்டின் ஓரத்தில், கானுக்கு அந்தப் பக்கம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாலாம் நாள் தோட்டத்து ஆபீசில் இருந்து ஆள் வந்தது. அனுமதி இல்லாமல் தோட்டத்துக் காணியில் கட்டடம் கட்டியிருக்கிறீர்கள், ஒரு கிழமைக்குள் கழற்ற வேண்டும்.

"கட்டடம் இல்லீங்க, கோழிக்கூடு" என்றார் அப்பா.

"தூண் நட்டிருக்குதானே?"

தூண் நட்டால் கட்டடம். அப்பா பிறந்தது இதே லயத்தில், தாத்தா பிறந்ததும் இதே லயத்தில். 2023இல் மலையகத்துக்கு 200 வருஷம் என்று எல்லாரும் எழுதினோம், நடந்தோம், போஸ்டர் செய்தோம். காணி மட்டும் இன்னும் அரசாங்கத்துடையது. 1992இல் இருந்து கம்பனிகளிடம் குத்தகையில் இருக்கிறது. புது வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியோடு வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், எங்கள் லயத்துக்கு அது இன்னும் வரவில்லை. இதெல்லாம் பாடமாகப் படித்து பரீட்சையில் எழுதிய விஷயம். ஆனால் நாலு சவுக்குக் கம்புக்கு முன்னால் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றதைப் பார்த்தபோது அது பாடமாகத் தெரியவில்லை. கோபம் வந்தது. அப்பாவுக்கு வரவில்லை, அல்லது வந்தும் காட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கம்பு நாலையும் பிடுங்கினார். குழியை மூடி மிதித்தார். கூட்டுக்கு அடியில் குறுக்குச் சட்டம் அடித்து, நாலு கருங்கல்லைத் தேடிக் கொண்டுவந்து வைத்து, கூட்டைத் தூக்கி அந்தக் கல்லின் மேல் உட்கார வைத்தார். கால் மண்ணைத் தொடாது. அடுத்த கிழமை ஆபீஸ் ஆள் வந்து குனிந்து பார்த்தார். "இப்ப இது சாமாங்க. தூக்கிட்டுப் போலாம்" என்றார் அப்பா. வந்தவர் சிரித்துவிட்டார். அவரும் பணிய லயத்துக்காரர்தான். அதோடு பேச்சு முடிந்தது.

நவம்பர் கடைசியில் முதல் முட்டை. அதற்குள் முட்டைக்கு அரசாங்கம் விலை நிர்ணயித்திருந்தது, ஓகஸ்டில் வெள்ளை 43, சிவப்பு 45. அந்த விலைக்கு எங்கள் பக்கத்தில் முட்டை விற்றதாக ஞாபகம் இல்லை. முட்டை இருந்தால் விலை கூட, விலை சரியென்றால் முட்டை இல்லை. 2023 மார்ச்சில் இந்தியாவில் இருந்து கப்பலில் முட்டை வந்தது, அதுவும் முதலில் பேக்கரிகளுக்கு. எங்கள் கூட்டில் தாய்க்கோழியோடு சேர்த்து ஐந்து பெட்டை. நாட்டுக்கோழி வருஷம் முழுக்க இடாது, பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். இருந்தாலும் நாளைக்கு இரண்டு மூன்று கிடைத்தது. ஒன்று 50 ரூபாய்க்கு லயத்திலேயே வாங்கிப் போனார்கள்.

அம்மா ஒரு சீ.ஆர். கொப்பியில் கணக்கு வைத்தார். அப்போது நாள் சம்பளம் 1000. அதுவும் சொன்ன நிறை கொழுந்து எடுத்தால்தான், குறைந்தால் அரைப் பேர். சம்பளத் துண்டில் கழிவு கழிவாகப் போய்விட்டு மிச்சம்தான் கைக்கு வரும். முட்டைக் காசில் கழிவு இல்லை. யாரும் கையெழுத்து வாங்காமல், நிறுவை பார்க்காமல் அம்மாவின் கைக்கு வந்த முதல் காசு அது. அதை அவர் எண்ணுகிற விதமே வேறு.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். முட்டை கிடைத்த அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் யாரும் முட்டை சாப்பிடவில்லை. ஒரு முட்டையை விற்றால் வருகிற காசில் மாவோ பருப்போ கொஞ்சம் வாங்கலாம், ஐந்து பேருக்கு ஒரு நேரச் சாப்பாட்டில் அது சேரும். அப்படித்தான் கணக்கு ஓடியது. தங்கச்சி அப்போது ஒன்பதாம் வகுப்பு. பாடசாலையில் உயர வரிசையில் நிற்கச் சொன்னால் அவள்தான் முதல் ஆள். 2016 குடிசன சுகாதார மதிப்பீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். அந்த அட்டவணையை லைப்ரரியில் பார்த்தபோது எங்களுக்கு அந்த உயர வரிசைதான் ஞாபகம் வந்தது. வீட்டில் முட்டை இருந்தும் அவளுக்குக் கொடுக்காமல் விற்றவர்கள் நாங்கள். அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஒரு நாள் ராத்திரி கொப்பியை மூடிவிட்டு, "ஒன்னு வீட்டுக்கு வச்சா என்னா கொறஞ்சிரும்" என்று தனக்குத்தானே சொன்னார். அடுத்த நாளும் விற்றார்.

பிறகு 2023 கோயில் திருவிழா வந்தது. முனிக்கு நேர்ந்த சேவல்கள் வெளியில் இருந்து லயத்துக்கு வந்தன. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. எங்கள் வளர்ப்புச் சேவலைக் கொடுக்க தங்கச்சி விடவில்லை, அதனால் அப்பா ஒன்று வாங்கி வந்தார். வந்த நாளே அது ஒரு மாதிரித் தூங்கி வழிந்தது. பயணக் களைப்பு என்று நினைத்தோம். அதையும் மற்றக் கோழிகளோடு கூட்டுக்குள் விட்டோம்.

ஐந்தாம் நாள் காலையில் தாய்க்கோழி இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. பச்சையாகக் கழிந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. அடுத்த நாள் ஒரு பெட்டைக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது, தலை வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி நடந்தது. அம்மாயி மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. நாலு நாளில் எங்கள் கூடு காலி. ஒரு கிழமைக்குள் லயத்தில் முக்கால்வாசிக் கூடு காலி. யார் வீட்டுச் சேவலில் இருந்து வந்தது என்று பேச்சு எழும்பியது, பீலிக்கரையில் இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டையே போட்டார்கள். எங்கள் வீட்டுச் சேவல் முதலில் செத்தது என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். அம்மா அந்தக் கிழமை தண்ணிக்கு ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனார்.

அது ராணிக்கட் நோய். இந்தியாவில் இமயமலைப் பக்கம் ராணிக்கேத் என்று ஒரு ஊர், அந்தப் பெயர்தான். இங்கிலாந்தில் இதையே நியூகாசில் நோய் என்கிறார்கள். 1920களிலேயே கண்டுபிடித்த வைரஸ். வந்தால் மருந்து கிடையாது, வராமல் இருக்க ஊசி மருந்து இருக்கிறது, அதையும் ஊசியால் குத்த வேண்டியதில்லை, கண்ணில் ஒரு சொட்டு. டவுனில் அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். நாங்கள் எல்லாம் செத்த பிறகு போய் விசாரித்தோம்.

அங்கே இருந்தவர் கேட்டார்: "எத்தன கோழி இருக்கு?" இப்போது இல்லை, இனி வாங்கினால் ஒரு ஆறு ஏழு என்றோம். "குப்பி ஒன்னு நூறு கோழிக்கு. கலக்குனா சில மணித்தியாலத்துக்குள்ள முடிச்சிரணும், மிச்சம் வைக்க ஏலாது. ஒங்க லயத்துல மத்தவங்க போடலன்னா நீங்க போட்டும் கஷ்டந்தான்."

யூடியூப் சொல்லாத பாடம் இதுதான். வீடியோவில் ஒரு வீடு, அதைச் சுற்றி வேலி, வேலிக்குள் அந்த வீட்டுக் கோழி. லயத்தில் வேலி ஏது? எங்கள் கோழி எட்டாம் காம்பரா விறகுக்கு அடியில் முட்டையிடும், அவர்கள் சேவல் எங்கள் இஸ்தோப்பில் கூவும். பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை, ஒரே கான், கோழிக்கும் ஒரே மந்தை. தனியாகக் கோழி வளர்ப்பது என்று ஒன்று அங்கே கிடையாது.

ஓகஸ்டில் திரும்பவும் லுணுகலையில் இருந்து கோழி வந்தது. அம்மா வீடு வீடாகப் போனார். திருவிழாச் சண்டைக்குப் பிறகு அவர் முதல் தடவையாகச் சில வாசல்களில் ஏறினார். சேவல் வாங்கி வந்தது பிழைதான், அடுத்த தடவை பத்து நாளாவது தனியாகக் கட்டிவைப்போம் என்று எங்கள் பக்கத்தில் இருந்தே பேச்சைத் தொடங்கினார். வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்தோம். கண்ணில் ஊற்றினால் கோழி குருடாகும் என்று ஒருவர் மறுத்தார். இன்னொருவர், தன்னுடையது சண்டைச் சேவல், அதற்கு ஒன்றும் வராது என்றார்.

மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தோம். பின்னேரம், கோழிகள் அடைந்த பிறகு தொடங்கினோம். இருட்டில் கோழி பிடிக்க ஓட வேண்டியதில்லை. பையன்கள் டோர்ச் பிடித்தார்கள், தங்கச்சி தலையைச் சரித்துப் பிடிக்க, ஒரு கண்ணில் ஒரு சொட்டு. அது கண்ணை மூடி முழுங்கும்வரை பிடித்திருக்க வேண்டும். கையைக் கழுவாமல் உங்கள் கண்ணைக் கசக்காதீர்கள், சிவந்து வீங்கும் என்று அலுவலகத்தில் எச்சரித்திருந்தார்கள். அம்மாயி பக்கத்தில் வந்து நின்று, "எனக்குந்தான் கண்ணு மங்கலா இருக்கு, ஒரு சொட்டு ஊத்தேன்" என்றார். லயமே சிரித்தது. அறுபத்து மூன்று கோழிக்குப் போட்டோம். முப்பத்தெட்டாவதோ என்னவோ அந்தச் சண்டைச் சேவல். அதன் சொந்தக்காரர் பேசாமல் கொண்டுவந்து நீட்டினார், நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. குருடாகும் என்றவர் வரவில்லை. அவருடைய இரண்டு கோழியை அவர் மகள் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு சில மாதத்துக்கு ஒரு தடவை போடுகிறோம். நோய் அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டோம், கோழி சாகத்தான் சாகிறது, மரநாய் ஒரு தடவை தகரத்தை நெம்பி மூன்றைக் கொண்டுபோனது. ஆனால் ஒரு கிழமையில் லயம் முழுக்கக் காலியானது மறுபடி நடக்கவில்லை.

முட்டைக் கணக்கும் கொஞ்சம் மாறியிருக்கிறது. கொப்பியில் இப்போது மூன்று பத்தி: விற்றது, அடைக்கு வைத்தது, வீட்டுக்கு. மூன்றாவது பத்தியில் சில நாள் பூச்சியம், சில நாள் ஒன்று. சம்பள நாளுக்கு முந்தின கிழமை என்றால் எப்போதும் பூச்சியம். தங்கச்சி இப்போது உயர வரிசையில் மூன்றாவது ஆள். அதற்கு முட்டைதான் காரணமா, வயதா என்று தெரியாது, அம்மா முட்டை என்றே சொல்லிக்கொள்ளட்டும்.

கூடு இன்னமும் அந்த நாலு கருங்கல்லின் மேல்தான் இருக்கிறது. போன மழைக்கு ஒரு கல் கொஞ்சம் இறங்கியது, அப்பா அடியில் ஒரு ஓட்டுத்துண்டை வைத்துச் சரிசெய்திருக்கிறார்.

நேற்று ராத்திரி ஹொஸ்டலுக்கு அம்மாவின் கோல் வந்தது. செம்பட்டைப் பெட்டை அடைக்கு உட்கார்ந்துவிட்டதாம், பதினோரு முட்டை, ஆணியும் கரியும் வைத்தாயிற்று. நாளை எண்ணிப் பார்த்தோம். இருபத்தோராம் நாள் செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின நாளில் விழுகிறது. தங்கச்சி வீடியோ கோல் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள், கரண்ட் இருந்தால்.